காலால் கேட்பது

1

இரவல் வாங்கிய காலணி. போட்டுக்கொள்வதற்கு முன்னால் கவிழ்த்துப் பார்த்தேன். முன்பாதத்துக்குக் கீழே ஒரு உலோகத் தகடு, குதிகாலுக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றையும் மூன்று திருகாணிகள் பிடித்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த பெண், பையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்து நீட்டினார். கொஞ்சம் தளர்த்திப் பார்க்கச் சொன்னார். அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தரையில் தட்டினேன். ஒலியின் ஓரத்தில் சதங்கை மாதிரி ஒரு நடுக்கம் வந்தது. மறுபடி இறுக்கினேன். சுத்தமான ஒற்றை ‘டக்’. கச்சேரி தொடங்கும் முன் மிருதங்கக்காரர் கல்லை வைத்து வலந்தலையைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பாரே, அது நினைவுக்கு வந்தது. இங்கே வாத்தியம் காலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க நகரம் ஒன்றில் ஒரு ஜூலை மாதம். டேப் நடன விழாவின் தொடக்கநிலை வகுப்பு. பள்ளிச் சிறுமிகள், ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், கடைசி வரிசையில் நான். ஆடக் கற்றுக்கொள்ளும் ஆசை எனக்கு இல்லை. பல இரவுகள் பதிவுகளில் கேட்ட அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்று கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

2

முதல் பாடம் ஷஃபிள். ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலைத் தொங்கவிட்டு, முன்பாதத்தால் தரையை முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை வருட வேண்டும். இரண்டு ஒலி. அடுத்தது பால் சேஞ்ச்: முன்பாதத்தில் நின்று எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது. அதுவும் இரண்டு ஒலி. சேர்த்துச் செய்தால் நான்கு.

எனக்கு ஐந்து வந்தது. சில சமயம் ஆறு.

ஆசிரியை என் அருகில் வந்து நின்றார். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். நான் குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கால பாக்காதீங்க. கேளுங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் செய்தேன். அப்போதுதான் அந்த ஐந்தாவது ஒலி காதில் விழுந்தது. எடையை மாற்றும்போது குதிகால் தன்னிச்சையாகத் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அது என் காலில்தான் நடந்துகொண்டிருந்தது. நான் கேட்கவே இல்லை.

அன்று முழுக்க அதைப் போக்கத்தான் முயன்றேன். புதிதாக ஒன்றும் கற்கவில்லை. சம்பந்தமில்லாத ஓர் ஒலியை விடுவதற்கே ஒரு நாள் போயிற்று. திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தேன்: பேச்சிலும் எழுத்திலும் இப்படி எத்தனை குதிகால் தட்டிக்கொண்டிருக்கிறதோ.

3

1739-ல் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசறைந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த சட்டம் அடிமைகளின் கைகளிலிருந்து முரசையும் கொம்பையும் பறித்தது. முரசு பேசும், சேதி சொல்லும் என்பது எஜமானர்களுக்குப் புரிந்திருந்தது.

தாளம் உடம்புக்குள் போயிற்று. தொடையிலும் மார்பிலும் கைகளால் அடித்தார்கள், கால்களால் மண்ணில் அடித்தார்கள். பின்னர் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் அயர்லாந்துக்காரர்களின் ஜிக் ஆட்டமும் ஆங்கிலேயரின் கட்டைச் செருப்பு ஆட்டமும் இதோடு உரசின. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் அப்படிப்பட்ட இடம். 1842-ல் அங்கே ஒரு நிலவறை ஆட்டக்கூடத்தில் கறுப்பின இளைஞன் ஒருவன் ஆடியதைப் பார்த்து வியந்து சார்லஸ் டிக்கன்ஸ் தன் பயணக் குறிப்புகளில் எழுதினார். பெயர் சொல்லவில்லை. மாஸ்டர் ஜூபா என்று பெயர் பெற்ற வில்லியம் ஹென்றி லேன்தான் அது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். லேன் பிறகு லண்டன் மேடைகளில் ஆடினார். இளம் வயதிலேயே இங்கிலாந்தில் இறந்தார்.

முரசைத் தடுத்ததால்தான் இந்தக் கலை பிறந்தது என்று சொல்லிவிடலாம். கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் சட்டத்துக்கு அல்லவா பெருமை போய்ச் சேருகிறது? சட்டம் ஒன்றையும் படைக்கவில்லை. பறிகொடுத்தவர்கள் படைத்தார்கள். முரசு கையிலேயே இருந்திருந்தால் இன்னும் என்னென்ன படைத்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்.

4

பில் ரொபின்சன் முன்பாதத்தில் நின்று ஆடினார். ‘போஜாங்கிள்ஸ்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். படிக்கட்டில் ஏறி இறங்கி ஆடும் அவருடைய ஆட்டத்தில் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு சுரம்போல ஒலிக்கும். உடல் நிமிர்ந்திருக்கும், முகம் சிரிக்கும். ஒலியெல்லாம் மழைத்துளி மாதிரி தனித்தனியாக, இலேசாக விழும்.

அடுத்து வந்தவர் ஜான் பபிள்ஸ். அவர் செய்ததைச் சொல்வது சுலபம்: வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அதுவரை ஆட்டக்காரர்கள் விரைவான நடையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே வேறெதையும் நுழைக்க முடியாது. பபிள்ஸ் கீழ்க்காலத்துக்கு இறங்கியதும் நடுவில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் குதிகாலை இறக்கினார். முன்பாதத்தின் மெல்லொலியோடு குதிகாலின் கனத்த ஒலியும் சேர்ந்தபோது வலந்தலைக்குத் தொப்பி துணை வந்ததுபோல் ஆயிற்று. எதிர்பாராத இடங்களில் அழுத்தம் விழுந்தது. ‘ரிதம் டேப்’ என்ற வழியின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். 1935-ல் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகம் மேடையேறியபோது ஸ்போர்ட்டிங் லைஃப் என்ற பாத்திரமாக நடித்தவரும் அவரே.

நிறைய சொல்ல வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றே நினைத்திருந்தேன். பபிள்ஸ் நடையைக் குறைத்து நிறைய சொன்னார். இந்தக் குறிப்பேட்டில் இதைவிடப் பயனுள்ள வரி வேறு எழுதுவேனா தெரியவில்லை.

5

1920-களிலும் 30-களிலும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லஃபயட் அரங்குக்குப் பக்கத்தில், சீட்டாட்டமும் பில்லியர்ட்ஸும் நடக்கும் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. ஹூஃபர்ஸ் கிளப் என்று பெயர். ஹூஃப் என்றால் குளம்பு. ஹூஃபர் என்றால் குளம்படிக்காரர். ஆட்டக்காரர்கள் தங்களைத் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள், பெருமையாக.

அறையில் ஒரு பியானோ, ஒரு மரத்தரை. பகலும் இரவும் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். புதியவன் உள்ளே வந்தால் தனக்குத் தெரிந்ததை ஆடிக் காட்ட வேண்டும். பெரியவர்கள் வரும்போது சின்னவர்கள் சுவரோரம் ஒதுங்கிப் பார்ப்பார்கள். அங்கே எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது: பிறர் அடவை எடுக்கலாம், அப்படியே ஆடக்கூடாது.

எடுக்கலாம் என்பதும் உண்டு, அப்படியே கூடாது என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். முதல் பாதி இல்லையென்றால் கலை பரவாது. இரண்டாம் பாதி இல்லையென்றால் நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போகும். ஒருவர் அடவை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், குதிகாலை இடம் மாற்றி, ஒரு தட்டைக் கழித்து, தன்னுடையதாக்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வந்து, யாரிடம் எடுத்தாரோ அவர் முன்னால் ஆட வேண்டும். அதுதான் கஷ்டம்.

6

பிறகு ஒரு வறட்சி. 1944-ல் ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகளின்மேல் 30 சதவீதம் வரி விழுந்தது. பின்னர் 20 ஆகக் குறைந்தும் பாரம் பாரம்தான். இசைநாடகங்களில் பாலே புகுந்தது. பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன, ராக் அண்ட் ரோல் வந்தது. 1949 நவம்பரில் போஜாங்கிள்ஸ் இறந்தார். ஹோனி கோல்ஸ் போன்ற பெரும் கலைஞர் அப்பல்லோ அரங்கில் நிர்வாக வேலை பார்த்தார். ஆட்டக்காரர்கள் பலர் காலணியைப் பரண்மேல் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

1970-களில் சில பெண்கள் அவர்களைத் தேடிக்கொண்டு போனார்கள். பிரெண்டா புஃபலினோ, ஜேன் கோல்ட்பெர்க், பாஸ்டனில் டயான் வாக்கர். முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த முதியவர்களில் பலர் அதுவரை யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. பார்த்து எடுத்தவர்கள், சொல்லிக்கொடுக்கும் சொற்கள் அவர்களிடம் இல்லை. காலைக் காட்டினார்கள்.

1980-ல் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் என்ற இசை விடுதியில் கோல்ட்பெர்க் அந்த முதியவர்களைக் கூட்டி வகுப்புகள் நடத்தினார். அதற்கு வைத்த பெயர் ‘காலின் வாய்மொழி’ என்று பொருள்படும். இன்றைய கோடை விழாக்களின் விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன். 1986-ல் புஃபலினோ, டோனி வாக், ஹோனி கோல்ஸ் சேர்ந்து அமெரிக்க டேப் நடன ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். 1990-ல் சிகாகோவில் லேன் அலெக்சாண்டரும் கெல்லி மைக்கேல்ஸும் ஹியூமன் ரிதம் பிராஜெக்டைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் கோடையில் அதன் ‘ரிதம் வேர்ல்ட்’ விழா நடக்கிறது. 2001-ல் டோனி வாக் நியூயார்க்கில் ‘டேப் சிட்டி’ விழாவைத் தொடங்கினார்.

எழுதி வைக்க முடியாத ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆட்களைத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண்கள் நூலகத்துக்குப் போகவில்லை; வீட்டுக்குப் போனார்கள்.

7

மே 25 போஜாங்கிள்ஸ் பிறந்த நாள். 1989-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தேசிய டேப் நடன நாளாக்கியது. அதையொட்டித்தான் விழாக்களின் கோடைப் பருவம் சூடுபிடிக்கிறது. சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், கனடாவில் வான்கூவர்.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் கோடை எப்படி இருக்கும்? ஒரு ஊரில் நான்கைந்து நாள். காலையில் தொடக்கநிலை வகுப்பு, பிறகு இடைநிலை, மதியம் தேர்ந்தவர்களுக்கு. மாலையில் பழைய படச்சுருள்களைப் போட்டு உரையாடல். ஓரிரவு ஆசிரியர்களின் மேடை நிகழ்ச்சி, மறுநாள் மாணவர்களுடையது. நடுவில் ஒருநாள் இரவு, வட்டம் கூடி ஆடுவது. பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். பாலேக்காரருக்கு இருப்பதுபோல மாதச் சம்பளம் தரும் பெரிய குழுக்கள் இவர்களுக்கு அதிகம் இல்லை. பலருக்குச் சோறு போடுவது மேடையைவிட வகுப்புதான்.

அவர்கள் ஊருக்குள் வந்ததும் முதலில் விசாரிப்பது தங்கும் அறையைப் பற்றி அல்ல, தரையைப் பற்றி. அடியில் நெகிழ்வு உள்ள மரத்தரை என்றால் முகம் மலரும். சிமெண்டுத் தளத்தின்மேல் நேராகப் பலகை ஒட்டியிருந்தால் முழங்கால் இரண்டு நாளில் சொல்லிவிடும். மேடை கீறிவிடும் என்று இவர்களைச் சேர்க்கத் தயங்கும் அரங்குகளும் உண்டு. அதனால் சில குழுக்கள் தங்கள் தரையைத் தாங்களே சுமந்துகொண்டு போகின்றன. வாத்தியத்தின் பாதி காலில், மறுபாதி தரையில். பாதியைக் கொண்டுபோய் என்ன செய்வது?

டேப் ஆட்டக்காரர் மிஷெல் டோரன்ஸ் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், ஜீன் மெட்லர் நடத்திய இளையோர் குழுவில் வளர்ந்தவர். 2015-ல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். இந்தப் பெட்டி கட்டும் கோடைகளில்தான் அவருடைய தலைமுறை பெரியவர்களைக் கிட்டே இருந்து பார்த்தது.

8

வட்டம் கூடும் இரவு. நான்கு பேர் கொண்ட ஜாஸ் குழு ஒரு மூலையில். நடுவில் பலகைத் தரை. சுற்றிலும் நூறு பேர். யார் பெயரையும் யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் ஆடி முடிக்கும் இடம் காதுக்குத் தெரிகிறது, அடுத்தவர் நுழைகிறார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தெரிந்தது நான்கைந்து அடவுதான். அதையே மாற்றி மாற்றி வைத்தாள். தாளம் தப்பியபோது நின்றாள். பியானோக்காரர் அவளுக்காக ஒரு சுற்று காத்திருந்தார். அவள் மறுபடி பிடித்துக்கொண்டபோது கூடத்தில் எழுந்த ஆரவாரம், பிறகு ஆடிய பெரிய ஆட்டக்காரருக்கு எழவில்லை. அவரே கைதட்டிச் சிரித்தார்.

1990-களின் இறுதியில் நியூயார்க்கின் ஸ்விங் 46 விடுதியில் ஞாயிறுதோறும் பஸ்டர் பிரவுன் என்ற முதியவர் இப்படியொரு வட்டத்தை நடத்தினார். அங்கே பெரிய பெயர்களும் வருவார்கள், நேற்றுக் காலணி வாங்கியவரும் வருவார். எல்லோருக்கும் அதே தரை.

இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் நான்கு நான்கு தாள அளவுகளாக மாற்றி மாற்றி ஆடுகிறார்கள். நம் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசுவது போலத்தான். 2004-ல் அமெரிக்க நடன விழாவில் இதை வேறு இருவரும் கண்டுகொண்டார்கள்: கொல்கத்தாவில் பிறந்த கதக் கலைஞர் சித்ரேஷ் தாஸ், டேப் ஆட்டக்காரர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித். ஒருவர் காலில் சலங்கை, வெறும் பாதம். மற்றவர் காலில் தகடு. வயதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ‘இந்தியா ஜாஸ் சூட்ஸ்’ என்ற பெயரில் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடினார்கள். 2015-ல் தாஸ் இறந்தார்.

9

டேப் ஆட்டக்காரர் ஜிம்மி ஸ்லைடின் படப்பதிவு ஒன்றைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டுகள் நின்றன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, காலொலி இல்லை. நின்றுவிட்டாரா என்று கண்ணைத் திறந்தேன். மேடையின் குறுக்கே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தார், பனிமேல் போகிறவர்போல, அவசரமில்லாமல். சரியாகச் சமத்தில் வந்து இறங்கினார். ஒரே ஒரு தட்டு.

சிறுவயதில் பாஸ்டனில் வயலின் கற்றவர். வில்லை இழுத்து நீட்டுவதைக் காலுக்குக் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டு வாத்தியத்தில் சுரத்தை நீட்ட முடியாது. தட்டினால் அப்போதே போய்விடும். அவர் வழுக்கி நீட்டினார். பார்ப்பவருக்கு அது அசைவு, கேட்பவருக்கு மௌனம். கண்ணை மூடியிருந்ததால்தான் மௌனத்தின் அளவு எனக்குத் தெரிந்தது.

10

க்ளேட்டன் பேட்ஸுக்குப் பன்னிரண்டு வயதில் பஞ்சு ஆலை விபத்தில் இடது கால் போயிற்று. தென் கரோலினாக்காரர். மரக்கால் பொருத்திக்கொண்டு ஆடினார், மரக்கால் என்று பொருள்படும் ‘பெக் லெக்’ என்பதையே பெயராக்கிக்கொண்டார். மரக்காலின் ஒலி கனம், தகட்டின் ஒலி கூர்மை. இரண்டு காலும் ஒரே மாதிரி ஒலிக்கும் மற்றவர்களுக்கு வாய்க்காதது. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் ஆடியிருக்கிறார். 1951-ல் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில், கெர்ஹாங்சன் என்ற ஊரில், ஒரு விடுமுறை விடுதி திறந்தார். கறுப்பினக் குடும்பங்கள் நிம்மதியாகக் கோடையைக் கழிக்க அந்த மலைகளில் அப்போது இடம் அரிது. அங்கே அவரே ஆடுவார்.

கோடை, ஆட்டம், ஓரிடத்தில் கூடுவது. விழா என்ற பெயர் வருவதற்கு முன்பே ஒருவர் அதை வீடாகக் கட்டி வைத்திருந்தார்.

11

விழாவின் கடைசி இரவு ஷிம் ஷாம். 1920-களில் லெனார்ட் ரீடும் வில்லி பிரயண்டும் அமைத்தது. முப்பத்திரண்டு அளவு, நான்கு அடவு. யார் வேண்டுமானாலும் ஆடும்படி எளிமையானது, அதனால்தான் நிலைத்தது. நிகழ்ச்சி முடிவில் ஆட்டக்காரர், பாட்டுக்காரர், வாத்தியக்காரர் எல்லோரும் மேடைக்கு வந்து சேர்ந்து ஆடுவது அந்தக் காலத்து வழக்கம். இன்றும் மாறவில்லை. தங்களுக்குள் அதைத் தேசிய கீதம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்படியே ஆடக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தவர்கள், கடைசியில் மட்டும் எல்லோரும் அப்படியே ஒன்றை ஆடுகிறார்கள்.

நானும் போய்ப் பின்வரிசையில் நின்றேன். முதல் அடவில் தொலைந்தேன், இரண்டாவதில் பக்கத்துச் சிறுமியின் காலொலியைப் பிடித்துக்கொண்டேன், மூன்றாவதில் மறுபடி தொலைந்தேன். எண்பதைத் தாண்டிய ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்கையும் ஒரு தட்டு பிசகாமல் ஆடி முடித்தார். நான் இடையில் ஒரு தடவை, ஒரே தடவை, நான்கு ஒலியைத் தட்டினேன். ஐந்தாவது வரவில்லை.

முடிந்ததும் காலணியைத் துடைத்து உரியவரிடம் கொடுத்தேன். அவர் கவிழ்த்துப் பார்த்து, தளர்ந்திருந்த ஒரு திருகாணியை இறுக்கினார். வாசலில் ஆசிரியை வாடகைக் காருக்குக் காத்திருந்தார், பக்கத்தில் ஒரே ஒரு பெட்டி. அவருடைய அடுத்த வகுப்பு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வேறொரு ஊரில்.